டிரிப்டேஸ் (ஒவ்வாமைத் தாக்கத்தில் மாஸ்ட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதம்) டெஸ்ட்டுக்கு இரவில் ரத்தம் எடுக்கும் லேப் ராமநாதபுரம் பக்கம் இருக்கிறதா?

அண்ணிக்கு 34 வயது, ஊர் தங்கச்சிமடம். ஐந்து மாதத்தில் நான்கு முறை ஒரே மாதிரி வந்துவிட்டது. முகமும் நெஞ்சும் சிவந்து சூடேறும், உள்ளங்கை அரிக்கும், வயிற்றைப் பிசையும், பேதி போகும், அப்படியே மயங்கிச் சரிவார். கடைசி முறை பிரஷர் 80/50. தொடையில் அட்ரினலின் 0.5 மி.கி. போட்ட பிறகுதான் ஏறியது. எல்லாமே இரவு 9 மணிக்கு மேல்.

மாஸ்ட் செல் (ஹிஸ்டமின் போன்ற ஒவ்வாமைப் பொருட்களை வெளிவிடும் நோய் எதிர்ப்புச் செல்) கோளாறு என்று டாக்டர் சந்தேகப்படுகிறார்.

முதலில் மீனைத்தான் நினைத்தோம். சூரை, கானாங்கெளுத்தி ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் கூடிவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால் கூடச் சாப்பிட்ட யாருக்கும் ஒன்றுமில்லை. மீன், கருவாடு நிறுத்திய பிறகும் இரண்டு முறை வந்தது. வலி மாத்திரை டைக்ளோபெனாக்கும் நிறுத்தியாச்சு. ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின் 10, ஃபமோடிடின் 20 மி.கி. இரு வேளையும் போகிறது. அரிப்பு குறைந்தது, மயக்கம் நிற்கவில்லை.

சிக்கல் ரத்த மாதிரியில்தான். மூன்று நாள் கழித்து எடுத்ததில் டிரிப்டேஸ் 6 ng/mL. அது அவருடைய அடிப்படை அளவு, அவ்வளவுதான். அதில் 20 சதவீதமும் மேலே 2-ம் கூட்டினால் 9.2; மாஸ்ட் செல்தான் காரணம் என்று காட்ட, தாக்கம் தொடங்கி 4 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம் அதைத் தொட வேண்டும். ஒருமுறை நேரத்துக்கு எடுத்தும், சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர்) பிரிக்காமல் விடிய விடிய வெளியிலேயே இருந்ததால் மாதிரியைத் திருப்பிவிட்டார்கள்.

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை, இரவு 10 மணிக்கு மேலும் ரத்தம் எடுத்து, உடனே சீரம் பிரித்து, 2–8 டிகிரியில் வைத்து மதுரைக்கு அனுப்பும் லேப் எது?