71 தெர்மோஸ்டாட் போட்டால் எஞ்சின் 71-ஐத் தாண்டாதாம்!

செட்டிபாளையம்_செல்ஃப்:
நேத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் அடிச்சு விட்டார்: "பலேனோவில் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டு 71 டிகிரி போடு, டிராக்கில் எஞ்சின் 71-ஐத் தாண்டாது, பத்துக் குதிரைசக்தி இலவசம்." படிச்சதிலிருந்து வயிறு எரியுது. தெர்மோஸ்டாட், எஞ்சின் தண்ணியை ரேடியேட்டருக்கு விடுற வெறும் கதவு. உள்ளே மெழுகு உருகி விரியும், வால்வைத் தள்ளும், அவ்வளவுதான். திறந்தப்புறம் சூட்டைத் தீர்மானிக்கிறது ரேடியேட்டரும் காத்தும். கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். மே மாசம் எட்டு லேப் விரட்டிட்டு முள்ளைப் பாருங்க, 100-ல நிக்கும். அப்ப 71-உம் திறந்துதான் கிடக்கும், 82-உம் திறந்துதான் கிடக்கும்.

டர்போ_மாப்ள:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்ல பயமோ? அமெரிக்காவில் வி8 வச்சிருக்கவங்க எத்தனை பேர் 160 பாரன்ஹீட் போட்டு ஓட்டுறாங்க தெரியுமா? 160 பாரன்ஹீட்னா 71 செல்சியஸ். அவங்கெல்லாம் முட்டாள், செட்டிபாளையத்துக்காரர் மட்டும் மேதை! சூடு குறைஞ்சா நாக்கிங் (பெட்ரோல் தப்பா வெடிச்சுத் தட்டுறது) குறையும், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால இழுக்காது. இதுகூடத் தெரியாம பதிவு போட வந்துட்டார்.

செட்டிபாளையம்_செல்ஃப்:
அவங்க வால்வோட நிறுத்தலை. ஃபேன் எப்ப ஓடணும்னு ஈசியூ டியூனிலேயே மாத்தினாங்க. உங்க ஃபேன் 90-க்கு மேலதான் சுத்தும். காந்திபுரம் சிக்னலில் நின்னா உங்க 71 வாயைப் பொளந்துக்கிட்டு ஃபேனையே பார்த்துட்டு நிக்கும். இன்னொண்ணு, 82-னு குத்தியிருந்தா 82-ல திறக்கத் தொடங்கும்னு அர்த்தம். முழுசாத் திறக்க 95 ஆகும்.

டர்போ_மாப்ள:
ஹாஹா. 82-னா 82-ல முழுசாத் திறக்கும். அதுக்குத்தானே நம்பரைக் குத்தியிருக்கான்?

பத்மினி_அண்ணாச்சி:
தம்பிகளா, நான் பத்மினி கார் ஓட்டின காலத்துல வால்வையே கழட்டி எறிஞ்சாச்சு. ஊட்டி கல்லட்டி மலைப்பாதை 36 வளைவும் ஏறுனோம், ஒண்ணும் ஆகலை. நீங்க என்னடான்னா நம்பருக்கு அடிச்சுக்கிறீங்க.

செட்டிபாளையம்_செல்ஃப்:
அண்ணாச்சி, அது உங்க அதிர்ஷ்டம். சில எஞ்சினில் வால்வைக் கழட்டினா பைபாஸ் வழி அடைபடாது. தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம உள்ளேயே சுத்தும், சூடு கூடத்தான் செய்யும்.

பத்மினி_அண்ணாச்சி:
"சில எஞ்சின்" கதை எனக்கெதுக்கு? நான் என் எஞ்சினைச் சொன்னேன். பெரியவங்க பேசினா கேட்டுக்கணும்.

செட்டிபாளையம்_செல்ஃப்:
மாப்ள, உங்களுக்காகவே இன்னைக்குக் காலையில் சோதிச்சேன். புது 82 வால்வை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணியில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர். 83-ல விளிம்பில் முடி அளவு இடைவெளி. 90-லயும் பாதிதான். 95-க்குப் பக்கத்தில்தான் 8 மில்லிமீட்டர் திறந்துச்சு. படம் போட்டிருக்கேன். 82-ல தொடக்கம், 95-ல முழுசு. எழுதி வச்சுக்குங்க.

டர்போ_மாப்ள:
பால் காய்ச்சுற சட்டியில ஆராய்ச்சி! வால்வு அடியில முட்டிக்கிட்டு இருக்கு, படத்திலேயே தெரியுது. தெர்மாமீட்டர் சரியான்னு யார் பார்த்தது?

செட்டிபாளையம்_செல்ஃப்:
கொதிக்கிற தண்ணியில சரிபார்த்தேன். 98.5 காட்டிச்சு.

டர்போ_மாப்ள:
பாத்தீங்களா மக்களே! தண்ணி 100-ல கொதிக்கணும், இவர் தெர்மாமீட்டர் 98.5 காட்டுதாம். கடை மூடியாச்சு.

செட்டிபாளையம்_செல்ஃப்:
ஐயா சாமி, கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல. இங்க தண்ணி 98 சொச்சத்தில்தான் கொதிக்கும். எட்டாம் கிளாஸ் பாடம்.

ஆயில்_அளவுகோல்:
குறுக்கே வர்றேன், கோச்சுக்காதீங்க. தினமும் ஆபீஸ் போற வண்டியில 71 போட்டா எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது. காத்து-பெட்ரோல் கலவை ரிச்சாவே (பெட்ரோல் கூடுதலா) ஓடும், பெட்ரோல் ஆயிலில் இறங்கும், ஆயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகாது. புது வண்டின்னா "எஞ்சின் போதுமான சூட்டுக்கு வரலை"ங்கிற பி0128 கோடு போட்டு எஞ்சின் லைட்டே எரியும். ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கும், நானே துடைச்சிருக்கேன். அப்புறம் செல்ஃப் சார், ஒரு சின்ன சந்தேகம். உங்க கணக்குப்படி 82 வால்வு 95-லதான் முழுசாத் திறக்கும்னா, 71 வால்வு 84-லேயே முழுசாத் திறந்திருக்குமே? 84-க்கும் 95-க்கும் நடுவில மாப்ளக்குத் தண்ணி அதிகமாப் போகுமே?

டர்போ_மாப்ள:
இதைத்தானே முதல்லேர்ந்து சொல்றேன்!

செட்டிபாளையம்_செல்ஃப்:
இல்லை, நீங்க 82-ல முழுசாத் திறக்கும்னுதான் சொன்னீங்க. மேல போய்ப் படிங்க. அது தப்பு. 82-ல தொடக்கம், 95-ல முழுசு. அப்புறம் நான் பேசறது டிராக்கை. டிராக்கில் 95-க்குக் கீழ எவன் ஓட்டறான்?

டர்போ_மாப்ள:
நான் ஓட்டறேன். 71 போட்டிருக்கேன்ல.

செட்டிபாளையம்_செல்ஃப்:
போன மாசம் பிட்டில் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மேல பாட்டில் பாட்டிலா தண்ணி ஊத்தினது யாரு? 71-ஐத் தாண்டாத வண்டிக்கு எதுக்குங்க அபிஷேகம்?

டர்போ_மாப்ள:
அது ஹோஸ் கிளாம்ப் லூசு. அதை டைட் பண்ண என்கிட்ட ஸ்க்ரூடிரைவர் வாங்கினவரு யாருன்னும் சொல்லுங்க. கூடவே தீபாவளிக்கு வாங்கிட்டுப் போன டார்க் ரெஞ்ச் எங்கே?

பத்மினி_அண்ணாச்சி:
வால்வைக் கழட்டியிருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது.

செட்டிபாளையம்_செல்ஃப்:
டார்க் ரெஞ்சை ஞாயித்துக்கிழமை தர்றேன். 82-ல தொடக்கம், 95-ல முழுசு.

டர்போ_மாப்ள:
எந்த ஞாயித்துக்கிழமை?