மாநிலத்துக்கு ஒரே ஒரு ஹைஸ்கூல் ஓட்டக்காரர்: இல்லினாய்க்கு நான் கிரெய்க் வர்ஜின் என்கிறேன், உங்கள் மாநிலத்துக்கு யார்?

நேப்பர்வில் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இங்கே ஹைஸ்கூல் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடு பள்ளங்களில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) அணியில் ஓடுகிறாள். சனிக்கிழமை காலைப் போட்டிகளில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி கிளம்பும் வாதம் ஒன்று உண்டு. மாநிலத்துக்கு ஒரே ஒரு ஹைஸ்கூல் ஓட்டக்காரரைத்தான் சொல்லலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்? அமெரிக்காவின் 50 மாநிலத்துக்கும் பெயர் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 800 மீட்டரிலிருந்து மேலே போகும் ஓட்டங்கள் மட்டும். 100, 200, 400 எல்லாம் தனி உலகம், அதற்கு இன்னொரு திரி போடலாம்.

என் அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படித்த காலத்தில் ஓடியது மட்டும்தான் கணக்கு. அப்புறம் ஒலிம்பிக்கில் என்ன வாங்கினார் என்பது வேண்டாம். இன்னொன்று, 1965-ல் ஓடிய நேரத்தையும் 2022-ல் ஓடிய நேரத்தையும் வெறுமனே பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. தரை வேறு, ஷூ வேறு. தன் காலத்துப் பிள்ளைகளை விட்டு ஒருவர் எவ்வளவு தூரம் முன்னால் போனார், அந்த இடைவெளியை மூட மற்றவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

இல்லினாயில் போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் லூகாஸ் வெர்ஸ்பிகாஸ். லிதுவேனியாவில் பிறந்து ஆர்லண்ட் பார்க் சாண்ட்பர்க் பள்ளிக்கு ஓடியவர். 2009, 2010 இரண்டு வருடமும் ஃபுட் லாக்கர் தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டம். 2010-ல் நைக் தேசியப் பட்டமும் அவருக்கே. 2011-ல் மைல் 3:59.71, இரண்டு மைல் 8:29.46. கேட்டாலே தலை சுற்றும் பட்டியல்.

ஆனாலும் நான் கிரெய்க் வர்ஜின் பக்கம்தான். செயின்ட் லூயிஸுக்குக் கிழக்கே லெபனான் என்று ஒரு சின்ன ஊர், அங்கே விவசாயக் குடும்பத்துப் பையன். 1972 நவம்பரில் பியோரியாவின் டெட்வெய்லர் பார்க்கில் நடந்த ஸ்டேட் மீட்டில் மூன்று மைலை 13:50.6-ல் முடித்தார். அடுத்த வசந்தத்தில் இரண்டு மைல் 8:40.9 ஓடி ஒரெகனின் ஸ்டீவ் ப்ரீஃபான்டெய்னின் தேசிய ஹைஸ்கூல் ரெக்கார்டை உடைத்தார். அந்த இரண்டாவது ரெக்கார்டு பின்னால் போய்விட்டது, சரி. டெட்வெய்லர் ரெக்கார்டு போகவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் மாநிலத்தின் மிகச் சிறந்த பையன்கள் அதே புல்லில், அதே மூன்று மைல் ஓடினார்கள். வெர்ஸ்பிகாஸும் அங்கேதான் ஓடினார். எல்ம்ஹர்ஸ்டில் ஜோ நியூட்டன் 28 மாநிலப் பட்டம் வென்ற யார்க் பள்ளி அணியை உருவாக்கினாரே, அந்தப் பிள்ளைகளும் அங்கேதான் ஓடினார்கள். 47 வருடம் அது நின்றது. 2019-ல் ஜோஷ் மெத்னர் 13:49.86 ஓடினார். ஒரு நொடி கூட முழுசாகக் குறையவில்லை. ஒரே தடத்தில் அரை நூற்றாண்டுத் தேர்வு என்றால் இதைவிட நேர்மையான தேர்வு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மாநிலத்துக்கு யார், ஏன் என்று எழுதுங்கள். பெயர் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

விச்சிட்டாக்காரன்:

அண்ணே, கேன்சஸுக்கு விவாதமே கிடையாது. விச்சிட்டா ஈஸ்ட் ஹைஸ்கூல், ஜிம் ரயன்.

கூடைப்பந்து அணியில் கூட இடம் கிடைக்காமல் ஓட வந்த பையன் அவர். பத்தாம் வகுப்பிலேயே இவன் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடுவான் என்று கோச் பாப் டிம்மன்ஸ் நம்பினார். பள்ளிப் பையன் யாரும் அதுவரை தொடாத எல்லை அது. 1964 ஜூன் 5, கலிபோர்னியாவின் காம்ப்டனில் 3:59.0 ஓடினார். பந்தயத்தில் அவருக்கு எட்டாவது இடம்தான், முன்னால் போன ஏழு பேரும் வளர்ந்த ஆண்கள். அந்த வருடமே டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இருந்தார், வயது 17.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது அதற்கு அடுத்த வருடத்தை. 1965 மே மாதம் விச்சிட்டாவில் எங்கள் மாநிலப் போட்டி. சுற்றிலும் பள்ளிப் பையன்கள் மட்டும். வேகம் பிடித்துக் கொடுக்க ஆள் கிடையாது, துரத்திப் பிடிக்கவும் ஆள் கிடையாது. தன்னந்தனியாக 3:58.3. காம்ப்டனில் ஏழு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள், இங்கே அவரை இழுத்தது யாரும் இல்லை. ஓடிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். அந்த ஜூனிலேயே சான் டியாகோவில் 3:55.3 ஓடி பீட்டர் ஸ்னெல்லைத் தோற்கடித்தார். டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கிய ஸ்னெல்லை. அந்த நேரம் பள்ளி ரெக்கார்டாக 36 வருடம் நின்றது. உங்கள் அளவுகோலில் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இவர்தான் வருவார். மாநிலம் வேண்டாம், நாட்டுக்கே ஒருவர் என்று கேட்டாலும் நான் இவரைத்தான் சொல்வேன்.

ஒரு கேள்வி. 1964 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் தங்கம் வாங்கிய பில்லி மில்ஸ் எந்த மாநிலம்? பிறந்தது தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜில். பள்ளியில் ஓடியது எங்கள் லாரன்ஸ் நகரில், ஹாஸ்கலில். பள்ளி இருக்கும் இடம்தான் கணக்கு என்றால் அவர் கேன்சஸ், ரயனுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். அப்போது தெற்கு டகோட்டாவுக்கு ரேபிட் சிட்டியின் சிமியன் பிர்ன்பாம் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். 2022-ல் பதினோராம் வகுப்பு முடியும்போதே நான்கு நிமிடத்தை உடைத்தவர்.

நியூ ஜெர்சி ரயில்:

ரயன் பற்றி மறுப்பு இல்லை. ஆனால் அந்த 36 வருடத்தை முடித்துவைத்தவரையும் சொல்ல வேண்டும். வர்ஜீனியா, ரெஸ்டன் சவுத் லேக்ஸ், ஆலன் வெப். 1967-ல் எங்கள் நியூவார்க் பையன் மார்ட்டி லிக்வோரி 3:59.8 ஓடியதற்குப் பிறகு, 2001 வரை ஒரு பள்ளி மாணவர் கூட நான்கு நிமிடத்துக்குள் வரவில்லை. 34 வருட வறட்சி. அந்த ஜனவரியில் நியூயார்க் ஆர்மரியின் உள்ளரங்கில் வெப் 3:59.86 ஓடினார். மே மாதம் யூஜீனில், மைல் உலக ரெக்கார்டுக்காரர் எல் கெரூஜ் ஜெயித்த பந்தயத்தில் ஐந்தாவதாக வந்து 3:53.43. அதே மாநிலத்தில் ட்ரூ ஹன்டர் இருக்கிறார், அருமையான ஓட்டக்காரர், ஆனால் வெப்போடு அவரை வைக்க முடியாது.

நியூ ஜெர்சிக்கு லிக்வோரியா எட்வர்ட் செசரெக்கா என்பது எங்கள் வீட்டுச் சண்டை. செசரெக் கென்யாவிலிருந்து வந்து நியூவார்க் செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளியில் படித்தவர், 2011, 2012 ஃபுட் லாக்கர் பட்டம் இரண்டும் அவருடையது. வெளியிலிருந்து வந்தவர் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வேறு நாட்டிலிருந்து வந்து இந்த ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நாமே அப்படிச் சொல்லலாமா? என் ஓட்டு செசரெக்குக்கு.

வாஷிங்டன் எளிது: ஸ்போக்கேன் ரோஜர்ஸ் பள்ளியின் ஜெரி லிண்ட்கிரென். 1964-ல் 5000 மீட்டர் 13:44.0, அது 40 வருடம் நின்றது. அந்தக் கோடையில் லாஸ் ஏஞ்சலஸில் சோவியத் அணிக்கு எதிரான 10,000 மீட்டரை ஜெயித்தார்.

ஒரெகன்தான் சிக்கல். அந்த 13:44-ஐ 2004-ல் உடைத்தது போர்ட்லண்டின் கேலன் ரப், நேரம் 13:37.91. ப்ரீஃபான்டெய்ன் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது கல்லூரி நாட்கள், மியூனிக் ஒலிம்பிக், 24 வயதில் நேர்ந்த சாவு. பள்ளிக் காலம் மட்டும் என்ற உங்கள் விதிப்படி ஒரெகனுக்கு ரப்தான் வர வேண்டும். மனதுக்கு ஒப்பாவிட்டாலும் விதி விதிதானே.

போல்டர் அம்மா:

வணக்கம். இதுவரை வந்த பெயர்கள் எல்லாம் பையன்கள். உங்கள் மகளும் ஓடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், என் மகளும் ஓடுகிறாள். மாநிலத்துக்கு ஒன்று என்பதை இரண்டு என்று மாற்றுங்கள்.

பெண்களுக்கு உங்கள் கால அளவுகோலைக் கொஞ்சம் திருத்தவும் வேண்டும். பள்ளிகளில் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கிய டைட்டில் நைன் சட்டம் வந்ததே 1972-ல். உங்கள் வர்ஜின் டெட்வெய்லரில் ஓடிய அதே வருடம். பெரும்பாலான பள்ளிகளில் பெண்களுக்கு அணியே இல்லை. மாசசூசெட்ஸில் லின் ஜென்னிங்ஸ் பையன்கள் அணியில் சேர்ந்து ஓடினார். உடைக்க ரெக்கார்டு வேண்டுமென்றால் முதலில் ஓட இடம் வேண்டுமே. மாசசூசெட்ஸுக்கு என் ஓட்டு அவருக்கு.

எங்கள் கொலராடோவுக்கு மெலடி ஃபேர்சைல்ட், போல்டர் ஹைஸ்கூல். 1989, 1990 தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டம். 1991-ல் உள்ளரங்கில் இரண்டு மைலை 9:55.92-ல் முடித்தார், பத்து நிமிடத்துக்குள் வந்த முதல் பள்ளிப் பெண். இங்கே 1,600 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கி ஓடும் பிள்ளைகளின் மாநிலப் போட்டி நேரங்களைச் சமவெளிக்காரர்கள் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்பார்கள். கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ மூன்றுக்கும் மாநிலப் போட்டி நேரத்தைப் பார்க்காதீர்கள், வெளியூர் போனபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

பென்சில்வேனியாவுக்கு கிம் கல்லாகர். 1982-ல் 800 மீட்டர் 2:00.07. அதை உடைக்க 31 வருடம் கழித்து நியூயார்க்கின் மேரி கெய்ன் வந்தார், 1:59.51. அதே வருடம் 17 வயதில் மாஸ்கோ உலகப் போட்டியின் 1500 இறுதியில் ஓடினார். கெய்னா, நைக் தேசியப் பட்டத்தை 2017, 2018, 2019 மூன்று முறையும் வென்ற கேட்லின் டூஹியா? எனக்கு கெய்ன். பின்னாளில் தொழில்முறைப் பயிற்சியில் தன் உடலும் மனமும் என்ன பாடுபட்டன என்று 2019-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னபோது என் மகளை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். அது பள்ளிக் கணக்கில் வராது, ஆனாலும் மகளை ஓடவிடும் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

வெர்மான்ட் போன்ற சின்ன மாநிலத்துக்கு 1997, 1998 ஃபுட் லாக்கர் ஜெயித்த எரின் சல்லிவன். அலாஸ்காவுக்கு கெனாய் சென்ட்ரல் பள்ளியின் ஆலி ஆஸ்ட்ராண்டர்: 2014-ல் மவுண்ட் மராத்தான் மலை ஓட்டத்தின் ஜூனியர் பிரிவில் பையன்களையும் சேர்த்து எல்லோருக்கும் முன்னால் வந்தார். யூட்டாவுக்கு ப்ரோவோவின் ஜேன் ஹெடன்கிரென், 2025-ல் 5000 மீட்டரை 15 நிமிடத்துக்குள் முடித்தவர்.

ஃப்ரெஸ்னோ வெயில்:

கலிபோர்னியாவின் ட்ராக் ஸ்டேட் மீட்டில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவு கிடையாது. மொத்த மாநிலத்துக்கும் ஒரே பந்தயம். அதனால் இங்கே ஜெயிப்பதற்குத் தனி எடை உண்டு. 2008-ல் ரிவர்பேங்கின் ஹெர்மன் ஃபெர்னாண்டெஸ் ஒரே நாளில் 1600-ஐ 4:00.29-லும் 3200-ஐ 8:34.23-லும் ஓடி இரண்டையும் ஜெயித்தார். முதல் ஓட்டத்தில் அப்படிப் பிழிந்துவிட்டு, கால் ஆறுவதற்குள் மறுபடி வந்து அந்த நேரம். கலிபோர்னியாவுக்கு அவர்தான்.

டெக்சஸை மறந்துவிடாதீர்கள். கூப்பர் லட்கென்ஹாஸ். 800 மீட்டரில் 1996-லிருந்து நின்ற மைக்கேல் கிரான்வில்லின் தேசிய ஹைஸ்கூல் ரெக்கார்டு 1:46.45-ஐ 2025-ல் உடைத்தார். அந்த ஆகஸ்டில் யூஜீன் தேசியப் போட்டியில் பெரியவர்களோடு ஓடி 1:42.27, இரண்டாம் இடம், வயது 16. நான்கு நொடி! 800 மீட்டரில் நான்கு நொடி என்பது வேறு பந்தயம்.

நேப்பர்வில் அப்பா:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. போல்டர் அம்மா சொன்னது நியாயம், பட்டியலை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஜென்னிங்ஸ், ஃபேர்சைல்ட், கல்லாகர், சல்லிவன், ஆஸ்ட்ராண்டர், ஹெடன்கிரென் எல்லோரும் உள்ளே. நியூயார்க்குக்கு எனக்கு டூஹி. மூன்று வருடம் தொடர்ந்து நாட்டின் மொத்தப் பெண்களையும் பின்னால் விட்டது கிராஸ் கன்ட்ரியில் மிக அரிது. இதில் நாம் ஒத்துப்போக வேண்டாம்.

தம்பி விச்சிட்டாக்காரன், பள்ளி இருக்கும் இடம்தான் மாநிலம். மில்ஸ் கேன்சஸ், தெற்கு டகோட்டா பிர்ன்பாம். அந்த விதிப்படியே செசரெக் நியூ ஜெர்சி.

ஒரெகனில் மட்டும் நியூ ஜெர்சி நண்பரோடு நான் உடன்படவில்லை. கல்லூரிக் கதையை முழுக்க ஒதுக்கிவிட்டே பார்ப்போம். 1969-ல் கூஸ் பே மார்ஷ்ஃபீல்டு பள்ளியில் படித்தபோது ப்ரீஃபான்டெய்ன் ஓடிய 8:41.5, முந்தைய இரண்டு மைல் ரெக்கார்டைவிட கிட்டத்தட்ட 7 நொடி குறைவு. ரப் குறைத்தது 6 நொடி, அதுவும் ஒரு மைலுக்கு மேல் நீளமான ஓட்டத்தில், 40 வருடம் கழித்து. இடைவெளிதான் கணக்கு என்று சொன்னவன் நான், அதன்படியே ப்ரீஃபான்டெய்ன்.

மிச்சிகனை யாரும் தொடவில்லை. ஹாப்ஸ் கெஸ்லர் 2021-ல் 1500-ஐ 3:34.36-ல் ஓடினார். கிராண்ட் ஃபிஷர் 2013, 2014 ஃபுட் லாக்கர் வென்றார். டேதன் ரிட்சென்ஹைனும் 1999, 2000 இரண்டையும் வென்றார், அதில் 2000 ஆர்லாண்டோ பந்தயத்தில் அவருக்குப் பின்னால் இரண்டாவது வந்தது ஆலன் வெப், மூன்றாவது ரயன் ஹால். அந்த மூன்று பேர் ஒரே கோட்டில் நின்று கிளம்பிய பந்தயத்தை ஜெயித்தவர் என்பதால் என் பேனா ரிட்சென்ஹைன் பக்கம் போகிறது. மிச்சிகன்காரர்கள் வந்து சொல்லுங்கள்.

இன்னும் வயோமிங், வடக்கு டகோட்டா, மிசிசிப்பி, லூசியானா, ஹவாய் எல்லாம் காலி. ஐடஹோவுக்கு 2016-ல் 3:59.53 ஓடிய மைக்கேல் ஸ்லகோவ்ஸ்கியையும் அரிசோனாவுக்கு 2020-ல் 3:59.54 ஓடிய லியோ டாஷ்பேக்கையும் இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். அந்த மாநிலங்களில் பழைய ஆட்களை அறிந்தவர்கள் மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன்.