புதுப்பிப்பு: கனெக்டர் செருகியதும் 24 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் போர்டு) பழுதாகிப் போகும் பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: மேலூர் பக்கம் ஒரு தோட்டத்து பம்ப்செட் கண்ட்ரோலர். 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையிலிருந்து, எம்பி1584 ஐசி உள்ள பக் கன்வெர்ட்டர் போர்டு 5 வோல்ட் தரும். கனெக்டரைச் செருகும்போதே சில சமயம் ஐசி போய்விடும்.

அவுட்புட் கெபாசிட்டரைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. ஐசி ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே இன்புட் 43 வோல்ட் வரை எகிறுவது ஸ்கோப்பில் (வோல்ட்டேஜ் அலையைத் திரையில் காட்டும் கருவி) தெரிந்தது. ஐசி தாங்கும் உச்ச வரம்பே 30 வோல்ட். நீள ஒயரின் இண்டக்டன்ஸும் இன்புட் செராமிக் கெபாசிட்டரும் சேர்ந்து வோல்ட்டேஜை ஊஞ்சலாட்டுகின்றன. செராமிக்கில் ஈஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் மின்தடை) மிகக் குறைவு, ஆட்டத்தை அடக்க எதுவுமில்லை.

இன்புட்டில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் போடச் சொன்னவர் யோசனைதான் கைகொடுத்தது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய 100 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் சாதா கெபாசிட்டர், டெர்மினலை ஒட்டியே சால்டர் செய்தேன். இப்போது இன்புட் 27 வோல்ட்டைத் தாண்டவில்லை. விலை கூடிய லோ ஈஎஸ்ஆர் வகை வாங்காதீர்கள், இங்கே அந்த ஈஎஸ்ஆர்தான் வேலை பார்க்கிறது.

எதிர்பாராதது: அவுட்புட்டில் தெரிந்த ஊசி ஸ்பைக்குகளில் பெரும்பகுதி ஸ்கோப் புரோபின் நீளமான கிரவுண்ட் கிளிப்பால் வந்தவை. குட்டி ஸ்பிரிங் கிரவுண்ட் மாட்டியதும் காணோம்.