சாண எரிவாயுவிலிருந்து பிளாஸ்மா மூலம் காபன் நனோக்குழாய்கள் செய்யலாமா?

வந்தாறுமூலை மாணவி:
வணக்கம். எங்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில், மின்வில் பிளாஸ்மாவில் (மின்னிறக்கத்தால் மிகவும் சூடாகி அயனாகிய வாயுவில்) மெதேனைச் சிதைத்துக் காபன் நனோக்குழாய்களை, அதாவது காபன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்களை, பெற எண்ணியுள்ளோம். தூய மெதேனுக்குப் பதிலாக, ஊரிலுள்ள மாட்டுப்பட்டியொன்றின் சாண எரிவாயுவை நேரடியாகச் செலுத்தலாமா? அதில் ஏறத்தாழ 60 சதவீதம் மெதேன். மீதியில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு.

சம்மாந்துறை ஆசிரியர்:
மகள், அப்படியே செலுத்தினால் கைக்கு வரவேண்டிய காபனில் பெரும்பங்கு வாயுவாகவே போய்விடும். மெதேன் மூலக்கூறு ஒன்று சிதையும்போது ஒரு காபன் அணுவும் இரண்டு ஐதரசன் மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. ஆனால் அந்த வெப்பத்தில் காபனீரொட்சைட்டு மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு காபன் அணுவைச் சேர்த்துக்கொண்டு இரண்டு காபனோரொட்சைட்டு மூலக்கூறுகளாகிவிடும். தாக்கம் முழுமையாக நடந்தால், 60 மெதேன் மூலக்கூறுகள் தரும் 60 காபன் அணுக்களில் 40ஐ மற்றைய 40 மூலக்கூறுகள் தின்றுவிட, எஞ்சுவது 20 மட்டுமே. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டமில்லாத அறையில் உயிரையே பறிக்கும். ஆகவே முதலில் வாயுவை எரிசோடாக் கரைசலினூடாகக் குமிழவிட்டுக் காபனீரொட்சைட்டை நீக்குங்கள். பிறகு நன்றாக உலர்த்துங்கள். நீராவியும் காபனை அரிக்கும்.

கல்முனைப் பொறியியலாளர்:
ஆசிரியர் கூறியதுதான் முதற்படி. வாயு தூய்மையானபின்னும் குழாய் தானாக வளராது. ஊக்கி (தாக்கத்தைத் தூண்டும் பொருள்) இன்றிப் பெரும்பாலும் கிடைப்பது, டயருக்குச் சேர்க்கும் கரிப்பொடியின் இனத்தைச் சேர்ந்த, சில பத்து நனோமீற்றர் அளவுள்ள துணிக்கைகளே. இரும்பு அல்லது நிக்கலின் நனோத்துணிக்கையில் காபன் கரைந்து, நிரம்பி, வெளியே தள்ளப்படும்போதுதான் குழாய் உருவாகிறது. இரும்புக்காக, இரும்பைக் கொண்ட சேர்வையான பெரோசினின் ஆவியை வாயுவுடன் கலப்பது வழக்கம். வில்லின் நடுவே இரும்பும் ஆவியாகவே இருக்குமாதலால், வெப்பநிலை ஏறத்தாழ 1000 பாகை செல்சியசுக்கு இறங்கும் பகுதியிலேயே வளர்ச்சி நடைபெறும். அந்தப் பகுதியை நீளமாக அமைத்துக்கொள்ளுங்கள்.

மின்வாய் முனையையும் கவனியுங்கள். அதில் கரி மயிர்போல வளர்ந்து இடைவெளியை அடைக்க, வில் நெளிந்து அணைந்துவிடும். முனையைச் சுற்றி ஆகன் வாயுவைப் பாய்ச்சினால் இது குறையும்.

வந்தாறுமூலை மாணவி:
மிக்க நன்றி ஐயா. சாண வாயுவிலுள்ள கந்தகச் சேர்வையான ஐதரசன் சல்பைட்டையும் நீக்க வேண்டுமா?

கல்முனைப் பொறியியலாளர்:
ஆம், எரிசோடா அதையும் பிடித்துக்கொள்ளும். சிறிதளவு கந்தகம் குழாய் வளர்ச்சிக்கு உதவுவதுண்டு. மிகுந்தால் ஊக்கி செயலிழக்கும். சாண வாயுவில் அதன் அளவு மாட்டுத் தீவனத்துக்கேற்ப மாறுவதால், முழுவதையும் நீக்கிவிட்டு, வேண்டுமானால் அளந்து சேர்ப்பதே ஆய்வுக்கு ஏற்றது. கிடைக்கும் கரியை இராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறும் விதத்தைக் காட்டும் சோதனையில்) பாருங்கள்: 1580 செ.மீ⁻¹ அருகிலுள்ள உச்சம் ஒழுங்கான காபனையும், 1350 அருகிலுள்ளது குறைபாடுகளையும் காட்டும். குழாய்தானா என்பதை உறுதிசெய்ய இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் அவசியம்.