இந்தப் பட அஞ்சலட்டைகளை எழுதியவர் யார்? கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். பழைய பட அஞ்சலட்டைகள் ஒரு கட்டு என்னிடம் வந்திருக்கிறது. எல்லாமே இங்கிலாந்துக்குள் அனுப்பியவை, ஒரே பெண்ணின் பெயருக்கு, ஒரே கையெழுத்தில், ஆனால் அனுப்பியவர் பெயர் எதிலும் இல்லை, கீழே 'எச்.' என்று ஓர் எழுத்து மட்டும்தான்.

காலம் ஓரளவு பிடிபடுகிறது. ஏழாம் எட்வர்ட் தலை போட்ட பச்சை அரை பென்னி தபால்தலை, அது வந்தது 1902இல். பின்பக்கம் நடுவில் கோடு போட்டுப் பாதி செய்திக்கு, பாதி முகவரிக்கு. பிரிட்டனில் அதற்கு அனுமதி கிடைத்ததும் அதே 1902தான், அதற்கு முன்னால் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டியிருந்தது.

ஒரு அட்டையில் கடற்கரை விடுதியின் படம், மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்றின்மேல் மையால் பெருக்கல் குறி. பின்னால், "இதுதான் என் அறை. மழை விடவேயில்லை. அம்மாவிடம் சொல்லாதே." எதைச் சொல்லக்கூடாது? எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்!

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத்தலைவர்கள் கைப்பட நிரப்பிய படிவங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் முகவரியை வைத்து அங்கே தேடி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா? அப்புறம், சில அட்டைகளில் பென்சில் எழுத்து மங்கிவிட்டது, தபால் முத்திரையும் அரைகுறை. அட்டைக்குச் சேதமில்லாமல் அதை எப்படிப் படிப்பது? ஸ்கேன் செய்வதா, பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுப்பதா? முகவரியைப் பொதுவில் போடவில்லை, உதவ முடிந்தவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.