அட்டைப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

குலசேகரம் டீச்சர்:
பத்தாம் வகுப்பு அறிவியலில் அட்டையும் முயலும் ஒரே பாடத்தில் வருகின்றன. ‘33 கண்டங்கள் (உடல் பிரிவுகள்), மூன்று தாடைகள்’ என்று பலகையில் எழுதித்தான் இத்தனை வருடம் தொடங்கினேன். இந்த முறை, “அட்டைக் கடி வாங்காதவங்க யாரு?” என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. பாதிப் பேர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். “கடிச்சதே தெரியாது டீச்சர், ரத்தம்தான் நிக்காது” என்றாள் ஒருத்தி. ரத்தத்தை உறையவிடாத ஹிருடினை அங்கிருந்தே சொல்லத் தொடங்கினேன். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

மார்த்தாண்டம் டியூஷன் சார்:
கேட்க நன்றாக இருக்கிறது டீச்சர். உயிரியலில் மட்டும் 11 பாடம், எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். ஹிருடினுக்கே ஒரு பீரியட் போனால் மரபியலை எப்போது முடிப்பீர்கள்? பாதிப் பாடம் முடியாமல் கடைசி நேரத்தில் அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். இன்னொன்று, புத்தகத்தில் இருப்பது குளத்தில் வாழும் அட்டை. உங்கள் பிள்ளைகளைக் கடித்தது காட்டு அட்டை. வாழிடம் கேட்டால் ரப்பர் தோட்டம் என்று எழுதிவிட்டு வருவார்கள்.

குலசேகரம் டீச்சர்:
இரண்டும் வேறு என்பது சரிதான் சார். மறுநாள் அதையும் சொன்னேன். நேரம் வீணானது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். உப்புப் போட்டால் அட்டை ஏன் சுருண்டு விழுகிறது என்று ஒரு பையன் கேட்டான். மெல்லிய சவ்வின் வழியே உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் போவதுதான் சவ்வூடு பரவல்; அடுத்த பாடத்தில் வரும் அதை அங்கேயே விளக்கினேன். அந்தப் பாடத்துக்கு வந்தபோது யாருக்கும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மணக்குடிக்காரன்:
நான் டீச்சர் பக்கம். பழையாறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்தி மரங்களைப் பார்த்தே வளர்ந்தவன். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பதுதான் நான் மனப்பாடம் செய்த சுவாச வேர் என்று பள்ளியில் யாரும் காட்டவில்லை. மதிப்பெண் முழுதாக வந்தது. விஷயம் கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

மார்த்தாண்டம் டியூஷன் சார்:
தம்பி, அந்த முழு மதிப்பெண்தானே உங்களைக் கல்லூரியில் சேர்த்தது? வாயால் அழகாகச் சொல்லிவிட்டு, தாளில் நாலு வரி எழுத வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். பேசியதை அன்றைக்கே எழுத வைத்தால் எனக்கு மறுப்பில்லை. அப்புறம், எந்த வகைப் பல் எத்தனை என்று சொல்லும் முயலின் பல் வாய்பாடு மனப்பாடம் இல்லாமல் வராது டீச்சர்.

குலசேகரம் டீச்சர்:
எழுத வைப்பதில் நான் தளர்ந்துதான் இருந்தேன் சார், இனி கடைசிப் பத்து நிமிடம் அதற்குத்தான். வாய்பாடும் மனப்பாடம்தான். ஆனால் திங்கட்கிழமை முதலில், வீட்டுப் பூனைக்கு இருக்கும் கோரைப்பல் புல் தின்னும் முயலுக்கு ஏன் இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் அதை எழுதிப்போடுவேன்.