ராப் பெயர்களில் வரும் 'லில்' எங்கே தொடங்கியது?

இரண்டு வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். ராப் பாடகர்கள் பெயருக்கு முன்னால் 'லில்' (ஆங்கிலத்தில் 'சின்ன' என்று பொருள்படும் 'லிட்டில்' என்பதன் சுருக்கம்) போடும் வழக்கத்தின் தொடக்கம் பிடிபடவில்லை. லில் வெய்னிலிருந்து பின்னோக்கிப் போனேன், 1996-ல் முதல் ஆல்பம் வெளியிட்ட லில் கிம், அப்புறம் நியூயார்க்கின் பிராங்ஸில் ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் குழுவில் பாடிய லில் ராட்னி சி வரை வந்துவிட்டேன், அது 1979 வாக்கில், அதற்கு மேல் வழியில்லை. பழைய ப்ளூஸ் பக்கமும் தேடினேன். ப்ளூஸ் இசைக்கலைஞர் லிட்டில் வால்டர் 1950களிலேயே இருக்கிறார், ஆனால் அங்கிருந்து ராப்புக்கு வந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கிராஃபிட்டி (சுவரில் பெயர் எழுதும் பழக்கம்) வழியாக வந்திருக்கும் என்பது என் ஊகம், ஹிப்-ஹாப்பின் முன்னோடி டிஜே கூல் ஹெர்க் கூட அந்தப் பெயரைச் சுவரில் எழுதித் திரிந்த நாட்களில்தான் வைத்துக்கொண்டார்.

ராட்னி சி-க்கு முன்பே 'லில்' போட்டுக்கொண்ட எம்சி (ராப் பாடகர்) யாரையாவது பழைய பார்ட்டி நோட்டீஸிலோ கேசட்டிலோ பார்த்திருக்கிறீர்களா?